பூநாரையை எழுப்பாமல் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆந்திர, தமிழக எல்லையில் உள்ள புலிக்காட் (பழவேற்காடு) ஏரிக்குள் இருக்கும் இருக்கம் தீவுக்குச் சுற்றுலாப் படகுகளைக் கூட்டுவது பற்றியும், பறவை பார்க்க வருவோருக்கு வழிகாட்டிகளை அமர்த்துவது பற்றியும் அவ்வப்போது பேச்சு எழுகிறது. தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கம் ஏரியை ஒட்டி வாழும் தமிழர்களான நாங்கள் இதை மனதார வரவேற்கிறோம். தீவில் தமிழ் பேசும் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. வலையை மட்டும் நம்பியிருக்கும் அவர்களுக்கு இன்னொரு வருமானம் கிடைத்தால் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். எங்கள் கவலை படகு எப்படி ஓட்டப்படும், வழிகாட்டி எதைக் காட்டுவார் என்பது பற்றியது.

இப்போது ஏரிகளில் பரவலாக நடப்பது இதுதான். படகை முழு வேகத்தில் பூநாரைக் (பிளமிங்கோ) கூட்டத்தை நோக்கி விடுகிறார்கள். கூட்டம் மொத்தமாக எழும்புகிறது. சிவந்த இறக்கைகள் விரிந்ததும் எல்லோரும் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். படகு திரும்பிவிடுகிறது. பார்த்தவருக்கு ஒரு நிமிடக் காட்சி. பறவைக்கு அன்றைய மேய்ச்சலில் ஒரு பகுதி போயிற்று. படகு வந்து நின்று, எல்லோரும் பார்த்து முடித்து, திரும்பிப் போகும்வரை பறவை மேய்ந்தபடியே இருந்ததா என்று பாருங்கள். வழிகாட்டியின் திறமைக்கு நாங்கள் வைக்கும் அளவுகோல் அது ஒன்றே.

ஏன் இப்படிச் சொல்கிறோம் என்றால், பூநாரையின் சாப்பாடு மெதுவான வேலை. வளைந்த அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரில் வைக்கும். தடித்த நாக்கு முன்னும் பின்னும் அசைந்து சேற்று நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரங்களில் உள்ள சீப்பு போன்ற மெல்லிய தகடுகள் இரையை மட்டும் நிறுத்திக்கொள்ளும். பெரும் பூநாரை சிறு இறால் இனங்கள், சிப்பி, புழு, பூச்சி முட்டை, நீர்த்தாவர விதை என்று கலந்து தின்னும். சிறு பூநாரையின் சல்லடை இன்னும் நுண்மையானது. கண்ணுக்குத் தெரியாத பாசிகளே அதற்கு முதன்மை உணவு. இப்படித் துளித் துளியாகச் சேர்க்க நாளில் பல மணி நேரம் வேண்டும். உடல் கனமான பறவை என்பதால் நின்ற இடத்திலிருந்து ஜிவ்வென்று கிளம்பவும் முடியாது. தண்ணீரில் சில அடி ஓடி, வேகம் பிடித்த பிறகே எழும்பும். ஒரு காலையில் ஐந்து படகுகள் ஐந்து முறை எழுப்பினால், சாப்பிடும் நேரமும் போகும், சாப்பிட்டுச் சேர்த்த சக்தியும் போகும். அடிக்கடி இப்படி நடந்தால் கூட்டம் அந்தப் பக்கத்தையே விட்டு ஏரியின் வேறு மூலைக்குப் போய்விடும். அதன்பிறகு சுற்றுலா நடத்துகிறவர்களுக்கும் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

கூட்டம் பறக்கப் போகிறது என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடும். முதல் அறிகுறி, கவிழ்ந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்வது. இரண்டாவது, கழுத்துகள் நேராகி எல்லாப் பறவைகளும் ஒரே திசையில் மெதுவாக நடக்கத் தொடங்குவது. மூன்றாவது, நடை வேகமாகி, கூட்டம் நெருங்கி, கத்தல் கூடுவது. அதற்கு மேல் ஓட்டம்தான். முதல் அறிகுறியிலேயே படகு நின்றுவிட வேண்டும். இரண்டாவது தெரிந்தால் பின்வாங்க வேண்டும். தலைகள் மறுபடி கவிழ்ந்த பிறகு அங்கேயே இருந்து பார்க்கலாம். மூன்றாவது வரை போய்விட்டால் அந்தப் பயணம் தோற்றது என்றே வழிகாட்டி எடுத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது? இருநூறு மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது எங்கள் கருத்து. தண்ணீர்ப் பரப்பில் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம், பழகியவர்களே ஏமாறுவார்கள். அதற்கு ஒரு சாதாரண பென்சில் போதும். கையை முழுதாக நீட்டிப் பென்சிலைக் கிடையாகப் பிடியுங்கள். நிமிர்ந்து நிற்கும் பெரும் பூநாரையின் உயரம் பென்சிலின் கனத்தில் பாதிக்குள் அடங்கினால் நீங்கள் ஏறக்குறைய இருநூறு மீட்டருக்கு அப்பால் இருக்கிறீர்கள். பென்சிலின் முழுக் கனத்துக்கும் பறவை தெரிந்தால் நூறு மீட்டர் சொச்சத்துக்கு வந்துவிட்டீர்கள், அது அதிக நெருக்கம். அந்தத் தூரத்திலிருந்து என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு எட்டு மடங்கு இருநோக்கி (பைனாகுலர்) ஒன்றைக் கையில் கொடுங்கள், அலகின் கறுப்பு நுனிவரை தெரியும். பத்து மடங்கு வாங்க வேண்டாம். படகின் ஆட்டத்தில் அது கையில் நிற்காது. முக்காலியில் வைக்கும் தொலைநோக்கியும் படகுக்கு ஆகாது. அதைத் தீவின் கரையில் கெட்டி மண்ணில் வைத்துக் குழந்தைகளின் கண் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தால், அந்த ஒரு இடத்திலேயே அரை மணி நேரம் போவது தெரியாது.

நெருங்கும் விதமும் முக்கியம். கூட்டத்தை நேருக்கு நேர் நோக்கிப் போகக் கூடாது. பக்கவாட்டில், அவற்றைக் கடந்து போகிறவர்கள்போலப் போய், நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அது படகைப் பறவைகளிடமிருந்து விலக்கித் தள்ளும் இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். மறுபக்கம் நின்றால், இன்ஜினை அணைத்த பிறகும் காற்றே படகைக் கூட்டத்துக்குள் கொண்டுபோய்விடும். அப்போது பதற்றத்தில் இன்ஜினை மறுபடி முடுக்குவார்கள், அந்தச் சத்தத்துக்குக் கூட்டம் முழுதும் எழும்பிவிடும். ஒரே கூட்டத்துக்கு இரண்டு படகுகள் இரண்டு பக்கத்திலிருந்து வரவே கூடாது. தப்பிக்க வழி அடைபட்டதாகத் தோன்றினால் பறவை எந்தத் தூரத்திலும் பறந்துவிடும்.

புலிக்காட் ஆழமில்லாத ஏரி, சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். இதில் வேகமாகச் சுற்றும் இன்ஜின் விசிறி அடிச்சேற்றைக் கிளறும், நீர்ப்புல்லையும் பாசியையும் பிடுங்கி எறியும். கலங்கிய தண்ணீரில் வெயில் உள்ளே இறங்காது. பாசியும் புல்லும் குறைந்தால் அதை நம்பிய இறால் குஞ்சும் மடவை மீன் குஞ்சும் குறையும். ஆகவே பறவைக்கு அரை கிலோமீட்டர் முன்பே இன்ஜினை நிறுத்தி மேலே தூக்கிவிட்டு, மீதியைக் கழி ஊன்றிப் போவதுதான் சரி. நல்ல மூங்கில் கழியில் அடிக்கு ஒரு வெட்டுக்குறி போட்டுவிட்டால் அதுவே ஆழமானியும் ஆகும். நீரின் ஆழம் இரண்டு அடிக்குக் குறைந்தால் இன்ஜினை எங்குமே இறக்க வேண்டாம். கழி ஊன்றத் தெரிந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை, ஒவ்வொரு மீனவ வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

தெரிந்தவர்கள் இருந்தும் ஏன் வேகமாக ஓட்டுகிறார்கள்? கூலி கணக்கைப் பாருங்கள். சூளூர்ப்பேட்டையில் பிளமிங்கோ திருவிழா நடக்கும் நாட்களிலும், பொங்கல் விடுமுறையிலும் படகுத்துறையில் வரிசை நீளமாக நிற்கும். நடைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால், எத்தனை நடை அடிக்கிறாரோ அத்தனை வருமானம். அப்போது படகோட்டி விரைந்து போய், பறவையை எழுப்பி, விரைந்து திரும்புவது இயல்புதானே. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலியை மணிக் கணக்கில் மாற்ற வேண்டும். ஒரு பயணத்துக்கு இரண்டு மணி நேரம், முன்னால் திரும்பினாலும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு அதே கூலிதான், அதற்குள் கூடுதல் நடைக்கு வருமானம் இல்லை, பின்னால் வந்தாலும் வெட்டு இல்லை என்று வைத்தால் வேகம் தானாகக் குறையும். ஒரு நேரத்தில் ஒரு பகுதிக்கு எத்தனை படகு என்று உச்சவரம்பும் வேண்டும். இந்த ஒரு மாற்றம் பத்து அறிவிப்புப் பலகைகளைவிட நல்லது செய்யும்.

அடுத்து வெளிச்சமும் காற்றும். வருகிறவர்கள் பலர் ஏமாந்து போவது இதில்தான். தீவுக்குப் படகு ஏறும் பி.வி.பாளையம் படகுத்துறை ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. காலையில் சூரியன் ஸ்ரீஹரிகோட்டா பக்கம், அதாவது எதிரில், எழும்புகிறது. அப்போது ஏரியைப் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். "நிறமே தெரியலையே" என்று பயணிகள் சலித்துக்கொள்வதும், அதனால் படகோட்டி இன்னும் கிட்டே போவதும் இதனால்தான். ஆகவே அதிகாலைப் பயணத்தில் போகும் வழியில் பறவை காட்ட முயல வேண்டாம். அந்த நேரத்தைப் பேசுவதற்கு வைத்துக்கொள்ளலாம். தீவில் இறங்கி, அதன் மேற்குப் பக்கத்தில் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அலகும் காலும் இறக்கை ஓரமும் நிறத்தோடு தெரியும். பகல் ஏற ஏறக் கிழக்கிலிருந்து காற்று கூடும், ஆழமில்லாத நீரில் குட்டையான, செங்குத்தான அலைகள் எழும்பும். பத்து, பதினொரு மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது. அதற்கு மேல் கானலும் எழும்பி, எந்தக் கருவியில் பார்த்தாலும் பறவை நெளிந்துதான் தெரியும். மாலையில் படகே வேண்டாம். மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்த்தாலே போதும்.

சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியைக் குறுக்காகக் கடக்கும் சாலையிலிருந்து பார்ப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. குளிர்காலத்தில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்திருக்கும். சாலையின் வடக்குப் பக்கத்துப் பறவைகளைப் பார்த்தால் நிறம் தெளிவாகத் தெரியும், தெற்கே பார்த்தால் கண் கூசும். வண்டியை விட்டு இறங்காமல் கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு இங்குள்ள பறவைகள் ஓரளவு பழகியவை. கதவைத் திறந்து மனிதர் இறங்கியதும்தான் விலகும்.

எந்த மாதம் வருவது என்ற கேள்விக்குப் பதில் மழையைப் பொறுத்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பும். தென்கோடியில் ஆரணி ஆறும், மேற்கிலிருந்து காளங்கியும், வடக்கே சுவர்ணமுகியும் நன்னீரைக் கொண்டுவரும். தண்ணீர் அதிகமாக இருக்கும்போது பூநாரைகள் ஓரங்களில் சிதறி நிற்கும். ஜனவரிக்குப் பின் மட்டம் இறங்க இறங்கச் சேற்றுத் திட்டுகள் வெளிப்படும், கூட்டங்கள் பெரிதாகும். மார்ச் மாதத்துக்குப் பிறகு வடபகுதி பெரும்பாலும் காய்ந்து உப்பு பூத்துவிடும். மழை பொய்த்த ஆண்டில் இந்தக் கணக்கு முழுதும் முன்னே நகரும், மழை அதிகமான ஆண்டில் பின்னே போகும். பணம் வாங்கிக்கொண்டு "ஆயிரக்கணக்கில் பார்க்கலாம்" என்று யாரும் உறுதி சொல்லக் கூடாது.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கைக் கண்டு பயணிகள் ஒரு பக்கமாகக் கூடியபோது படகு சாய்ந்தது. 2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியின் தென்கோடியில், பழவேற்காட்டில், படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர். அது மீன்பிடிப் படகைச் சுற்றுலாவுக்காக மாற்றி அமைத்தது. இந்தச் செய்திகளையெல்லாம் படித்துவிட்டும், ஏரியில் இடுப்பளவு தண்ணீர்தானே என்று இங்கே சிலர் நினைக்கிறார்கள். முகத்துவாரத்தின் இழுப்பும், பக்கிங்காம் கால்வாய்த் தடத்தின் ஆழமும் வேறு. இடுப்பளவு நீரிலும், கவிழ்ந்த படகுக்கு அடியில் சேற்றில் கால் சிக்கியவர் எழுந்து நிற்க முடியாது.

பறவை பார்க்கும் படகுக்கென்று தனியான ஆபத்து ஒன்று இருக்கிறது. பறவை தெரிவது ஒரு பக்கத்தில்தான், எல்லோருக்கும் அந்தப் பக்கமே வேண்டும். கரையை விட்டுக் கிளம்பும் முன்பே வழிகாட்டி சொல்லிவிட வேண்டும்: "அண்ணா, அக்கா, பறவை எந்தப் பக்கம் தெரிஞ்சாலும் யாரும் எந்திரிக்காதீங்க. நான் படகையே திருப்பிக் காட்டுறேன், எல்லாருக்கும் தெரியும்." சொன்னபடி படகைத் திருப்பியும் காட்ட வேண்டும். ஒரு பக்கத்தாருக்குக் காட்டியபின், கழியால் மெதுவாக அரைவட்டம் சுழற்றினால் அடுத்த பக்கத்தாருக்குத் தெரியும். இதற்காகவே படகோட்டியும் வழிகாட்டியும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும். ஒருவரே பறவையைக் காட்டிக்கொண்டு படகையும் பார்க்க முடியாது.

பத்துப் பேர் என்றாலே ஏறக்குறைய 650 முதல் 700 கிலோ. எல்லோரும் உட்கார்ந்த பிறகு தண்ணீர் மட்டத்துக்கும் படகின் விளிம்புக்கும் இடையே ஒரு அடிக்குக் குறையாமல் இடைவெளி வேண்டும். வெளிப்பக்கம் ஒரு சிவப்புக் கோடு போட்டு, கோடு நீரில் மூழ்கினால் ஒருவரை இறக்கிவிடலாம், வாய்த் தகராறே இருக்காது. மீன்பிடிப் படகுக்கு மேல் இரும்புக் குழாய் நட்டுக் கூரையும் மேல்தட்டும் போடுவதைத் தடுக்க வேண்டும். எடை மேலே போகப் போகச் சிறு சாய்விலிருந்துகூடப் படகு மீளாது.

உயிர்காப்பு மேலங்கி இருக்கிறது என்று கணக்குக் காட்டுவது எளிது. அது மிதக்குமா என்று பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் நுரைப்பஞ்சை விரல்களால் அழுத்துங்கள். உடனே எழும்பாமல் பள்ளமாகவே நின்றால் அது கெட்டுப்போனது. கொக்கிகளை மூன்று முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். அணிந்தவரின் தோள்பட்டை வாரைப் பிடித்து மேலே இழுத்தால் அங்கி காதுவரை ஏறக் கூடாது. ஏறினால் தண்ணீரில் ஆள் கீழே நழுவிவிடுவார். குழந்தைக்குப் பெரியவர் அங்கி போடுவது போடாததற்குச் சமம். குழந்தை அளவு அங்கி இல்லையென்றால் குழந்தையை ஏற்றக் கூடாது. இதில் பெற்றோர் கெஞ்சினாலும் இளகக் கூடாது.

படகு தரைதட்டுவது இங்கே அன்றாட நிகழ்ச்சி. அப்போது பயணிகளை இறக்கித் தள்ளச் சொல்வது தவறு. சேற்றில் முழங்கால்வரை புதையும், ரப்பர் செருப்பு உள்ளேயே தங்கிவிடும், சிப்பி விளிம்பு பாதத்தைக் கிழிக்கும். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால் அதன் முள் குத்தும், கெளுத்தி முள்ளும் அப்படியே. படகில் இருப்பவர்களைப் பின்பக்கம் நகர்த்தி முன்பக்கத்தை இலேசாக்கி, வந்த வழியிலேயே கழியால் பின்னுக்குத் தள்ள வேண்டும். இறங்கியே ஆக வேண்டுமென்றால் கயிறு கட்டும் பழைய கேன்வாஸ் காலணியோடு இறங்கி, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். அப்படி நடந்தால் திருக்கை அதிர்வறிந்து விலகிவிடும். முள் குத்திவிட்டால், தோல் வெந்துவிடாமல் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் (45 டிகிரிக்கு மிகாமல்) காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி குறையும். பிறகு முள் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு பெரிய பிளாஸ்கில் வெந்நீர் படகில் இருப்பது வீண் செலவல்ல.

வலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏரியின் தென்பகுதி மீனவ ஊர்களில் பாடு என்னும் முறை உண்டு. எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறைவைத்து நடத்துவது அது. தீவைச் சுற்றியும் குச்சி நட்டுக் கட்டிய வலைகள் பல இடங்களில் இருக்கும். அந்தக் குச்சி வரிசையைக் குறுக்கே கடக்கும் இன்ஜின் படகு வலையை அறுத்துவிடும். வலை போனால் வலைக்காரருக்கு வலையின் விலையோடு அன்றைய இறாலும் நண்டும் சேர்ந்தே நட்டம். சுற்றுலாப் படகின் தடத்தை அதிகாரிகள் வரைபடத்தில் கோடு போட்டு முடிவு செய்யக் கூடாது. ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து, வலை இல்லாத தடத்தைக் கொடி நட்டுக் குறிக்க வேண்டும். வலை அறுந்தால் அன்றைக்கே இழப்பீடு கொடுக்க, டிக்கெட் பணத்திலிருந்து ஒரு பங்கை ஊர்ப் பொதுவில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

வழிகாட்டி என்ன சொல்கிறார் என்பதிலும் திருத்தம் தேவை. "எல்லாப் பறவையும் ஆஸ்திரேலியாவிலிருந்து வருது, சைபீரியாவிலிருந்து வருது" என்பது ஊரெங்கும் பரவிய பேச்சு. இந்தியாவில் பூநாரைகள் கூட்டமாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பெயர்பெற்ற இடம் குஜராத்தின் கட்ச் உப்புப் பரப்பு. புலிக்காட்டுக்கு அவை இரைதேடி வருகின்றன. சைபீரியா வரையுள்ள வடநாடுகளிலிருந்து வருபவை ஊசிவால் வாத்தும் பல உள்ளான் இனங்களும். வரித்தலை வாத்து திபெத், லடாக், மங்கோலியா போன்ற உயர்நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி வருவது. புள்ளிமூக்குக் கூழைக்கடாவோ நம் தென்னாட்டுப் பறவையே. இவ்வளவு உண்மை இருக்கும்போது கட்டுக்கதை எதற்கு?

அடையாளத்திலும் குழப்பம் நிறைய. மஞ்சள்மூக்கு நாரையின் பின்னிறகில் இளஞ்சிவப்பு இருப்பதால் அதையே பூநாரை என்று காட்டிவிடுகிறார்கள். மஞ்சளான, நேராக நீண்டு நுனியில் மட்டும் சற்று வளைந்த அலகு என்றால் அது நாரை. நடுவில் மடிந்தாற்போல் கீழே வளைந்த அலகு என்றால் பூநாரை. பெரும் பூநாரைக்கு அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரைக்கு அலகு முழுதும் அடர்ந்த கருஞ்சிவப்பாக, தூரத்தில் கறுப்பாகவே தெரியும். உயரத்திலும் அது பெரியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இங்கே கூட்டம் கூட்டமாக நிற்பவை பெரும்பாலும் பெரும் பூநாரைகளே. கூட்டத்தில் சாம்பல், பழுப்பு நிறத்தில் நிற்பவை வேறு இனமல்ல, இளம் பறவைகள். இரையிலுள்ள நிறமிகள் உடலில் சேரச் சேரச் சில ஆண்டுகளில் அவையும் சிவக்கும்.

பறவையோடு ஏரியின் கதையையும் வழிகாட்டி சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆசை. சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஸ்ரீஹரிகோட்டா என்னும் மணல் தீவு வங்காள விரிகுடாவிலிருந்து இதைப் பிரித்து நிற்கிறது. கடல்நீர் முகத்துவாரங்கள் வழியாகத்தான் உள்ளே வரும். அவை மணல் மூடினால் இறால் குஞ்சு உள்ளே வராது, கோடையில் உப்பு ஏறும், ஏரி சுருங்கும். குறுக்கே போகும் சாலையின் மதகுகள் அடைபட்டால் வடபகுதிக்குத் தண்ணீர் சரியாகப் போய்ச் சேராது. பூநாரை ஓர் ஆண்டு குறைந்து போனால் ஏன் குறைந்தது என்று கேட்கும் பயணிக்கு இந்தப் பதிலைத் தமிழிலும் தெலுங்கிலும் சொல்லத் தெரிந்தவரே வழிகாட்டி. தீவு இளைஞர்கள் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசிப் பழகியவர்கள், அவர்களைவிடப் பொருத்தமானவர் வேறு யார்?

நேலப்பட்டுச் சரணாலயத்தையும் ஒரே நாளில் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூளூர்ப்பேட்டைக்கு வடக்கே, நாயுடுபேட்டை போகும் வழியில், தொரவாரிசத்திரம் பக்கம் இருக்கிறது. அங்குள்ள ஏரியின் தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடாக்களும் நத்தைக்குத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டும். அங்கே இன்னும் கவனம் வேண்டும். சத்தத்துக்குத் தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்தால் அந்த இடைவெளியில் காகம் முட்டையைக் கொத்திவிடும், மிரண்ட குஞ்சு கிளையிலிருந்து விழும். கரைமேல் நடந்து, காவல் கோபுரத்திலிருந்து பார்த்தால் போதும்.

ஆந்திரப் பகுதி ஏரி 1976-இலும், தமிழகப் பகுதி 1980-இலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி சரணாலயத்துக்குள் சுற்றுலாவுக்கு அனுமதி தருவது வனத்துறையின் பொறுப்பு. 27-ஆம் பிரிவு விலங்குகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் தடுக்கிறது. படம் பிடிப்பதற்காகக் கூட்டத்தை எழுப்புவது சீண்டல்தான் என்று படகுத்துறையிலேயே தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைக்க வேண்டும். கடற்காகங்களுக்கு முறுக்கும் மிக்சரும் வீசுவதையும் நிறுத்த வேண்டும். ட்ரோன் விடுவது அறவே கூடாது, பக்கத்தில் இருப்பது விண்வெளி மையம். ராக்கெட் ஏவும் நாட்களில் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் மாறும் என்பதால் பயணத் தேதியை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மணி நேரப் பயணம் என்பதால் படகுத்துறையிலும் தீவிலும் பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு கழிப்பறை வேண்டும். அது இல்லாததால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் வாடுகிறார்கள்.

சுற்றுலாத் துறையும் வனத்துறையும் இந்தப் பருவமழைக்கு முன்பே தீவிலிருந்தும் கரை ஊர்களிலிருந்தும் இளைஞர்களையும் பெண்களையும் தேர்ந்தெடுக்க வேண்டும். படகுப் பாதுகாப்பு, முதலுதவி, பறவை அடையாளம் மூன்றிலும் பயிற்சி கொடுத்து, செய்முறைத் தேர்வு வைத்து, அடையாள அட்டை வழங்க வேண்டும். தேர்வு ஏரியிலேயே நடக்கட்டும். பயணிகளோடு படகைக் கொண்டுபோய், கூட்டத்தைக் காட்டி, கூட்டம் மேயும்போதே திரும்பி வருகிறவருக்கு அட்டை கொடுக்கலாம். தமிழகத்திலிருந்து வரும் வாசகர்களும், அடுத்த முறை படகு ஏறும்போது "கிட்ட போங்க, கிட்ட போங்க" என்று படகோட்டியை அவசரப்படுத்தாமல், இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தடா, சூளூர்ப்பேட்டை ஏரிக்கரைத் தமிழ் வாசகர்கள்,
திருப்பதி மாவட்டம், ஆந்திரப் பிரதேசம்.